வாயைத் தொறக்க வச்சவங்க: தியேட்டர்ல ஒங்களுக்குக் கத்துக் குடுத்தது யாரு?

கொழுந்துக்கூடை:
நைட் டியூட்டி முடிஞ்சி வந்து தூக்கம் வரல, அதான் எழுதுறேன். நான் நுவரெலியா மாவட்டத்துல ஒரு ஆஸ்பத்திரில ஒப்பரேஷன் தியேட்டர் நர்ஸ், 11 வருஷம் ஆச்சு, அதுல 9 வருஷம் மயக்க மருந்து பக்கம்தான். நம்ம நாட்டுல மயக்கம் குடுக்குறது டொக்டர்தான், ஆனா மெஷின் செக் பண்றது, மருந்து இழுத்து லேபல் ஒட்டுறது, மூச்சுக்குப் போடுற டியூப் எடுத்து கையில குடுக்குறது, தேவைப்பட்டா வயித்துல இருக்குறது மேல வராம தொண்டைய அமுக்கிப் புடிக்கிறது, மயங்கப்போற ஆளு பயத்துல நடுங்கும்போது பக்கத்துல நிக்கிறது எல்லாம் நாங்க. தியேட்டர்ல வேலைன்னு சொன்னா "அப்ப ஒனக்குப் படம் ஓசியா"ன்னு எங்க மாமா இன்னமும் கேப்பாரு.

நான் தியேட்டருக்கு வந்த புதுசுல வாயே தொறக்க மாட்டேன். பொகவந்தலாவ பக்கம் லயத்துல பொறந்து தோட்டத்து ஸ்கூல்ல படிச்சி வந்தவ, சிங்களம் வெளங்கும் ஆனா பேசுனா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்கன்னு கூச்சம். எங்க சிஸ்டர், தியேட்டர் நர்சுங்களுக்குப் பொறுப்பா இருந்தவங்க, சிங்கள அம்மா, கண்டிப் பக்கம், வயசு அப்பவே அம்பதத் தாண்டிருச்சி. சிரிக்க மாட்டாங்க. காலையில ஏழு மணிக்கு நான் வாறதுக்கு முந்தியே வந்து நிப்பாங்க, "சக்ஷன் இழுக்குதா, தொண்டைக்குள்ள பாக்குற லரிங்கோஸ்கோப்புல லைட் எரியுதா, சின்ன டியூப் ஒண்ணு கையெட்டுற எடத்துல இருக்கா"ன்னு கேப்பாங்க, நான் ஆமான்னு சொன்னா நம்ப மாட்டாங்க, அவங்க கண்ணு முன்னால போட்டுக் காட்டணும். ரெண்டு மாசம் இதேதான். எனக்கு எரிச்சலா வரும்.

ஒருநாள் ஹேர்னியா ஒப்பரேஷனுக்கு ஒரு அம்மா வந்தாங்க, கொழுந்து பறிக்கிறவங்க, அம்பது வயசு இருக்கும், வாயெல்லாம் வெத்தலக் கறை. லிஸ்ட் நீளம், டொக்டர் அவசரத்துல இருந்தாரு, "கட அரின்ன அம்மா"ன்னாரு, வாயத் தொறங்கம்மான்னு, அந்த அம்மா பல்லக் காட்டிட்டு மூடிக்கிட்டாங்க, பயந்துபோய் சரியா தொறக்கலன்னு அவரு நெனச்சிருக்கணும், நானும் அப்படித்தான் நெனச்சேன். நான் கையில பிரஷர் பட்டி கட்டும்போது அந்த அம்மா என் காதுல மெதுவா சொல்லுது, "மிஸ்ஸி, எனக்கு ரெண்டு வருஷமா கறியில மொளகா பட்டாலே வாய் பத்தி எரியுது, சோத்த உருண்ட புடிச்சி வாய்க்குள்ள வைக்க முடியல, வெரல் நொழையல"ன்னு.

இது என்னான்னு எனக்குத் தெரியும். பாக்கு போட்டுப் போட்டு கன்னத்து உள்தோல் நார் மாதிரி இறுகிப்போறது, நம்ம தோட்டத்துல பாதி கெழவிங்களுக்கு இருக்கு, எங்க அப்பாயிக்கும் இருந்துச்சி. இதுல ஆபத்து என்னான்னா, வலியாலயோ பயத்தாலயோ இறுக்கிப் புடிச்ச வாய் மயக்க மருந்து போட்டா தளரும், நாராப் போன வாய் தளராது. சதையத் தளர்த்துற மருந்து போட்டுட்டா அந்த ஆளுக்கு மூச்சும் நின்னுரும் டியூபும் உள்ள போகாது. சிஸ்டர் இத எனக்குச் சொல்லிக் குடுத்து ரெண்டு வாரம்கூட ஆகல. ஆனா டொக்டர் கையில சிரிஞ்ச் இருக்கு, எனக்குத் தொண்ட காஞ்சி போச்சு, நெசமா சொல்றேன் நான் பேசாமத்தான் நின்னேன்.

சிஸ்டர் எதிர்ப் பக்கம் ட்ரொலி கிட்ட நின்னவங்க என் மொகத்தப் பாத்துட்டாங்க. "கியன்ன நங்கி"ன்னாங்க. சொல்லு தங்கச்சின்னு. அவ்வளவுதான், அவங்களுக்கு விஷயம் என்னான்னே தெரியாது. நான் சிங்களமும் இங்கிலீசும் கலந்து ஒளறுனேன், டொக்டர் சிரிஞ்ச கீழ வச்சாரு, வாயத் தொறக்கச் சொல்லி வெரல வச்சிப் பாத்தாரு, மூணு வெரல் போக வேண்டிய எடத்துல ஒண்ணுதான் போச்சு. கன்சல்டன்ட்டுக்குக் கோல் எடுத்தாங்க, முழு மயக்கம் வேணாம்னு முதுகுல ஊசி குத்தி கீழ்ப் பக்கத்த மட்டும் மரத்துப்போக வைக்கிற ஸ்பைனல் போட்டு முடிச்சாங்க. அந்த அம்மா ஒப்பரேஷன் நடக்கும்போதே மக கல்யாணத்தப் பத்தி எங்கிட்ட பேசிக்கிட்டு இருந்துச்சி.

சிஸ்டர் பாராட்டுவாங்கன்னு பாத்தேன். சாயந்தரம் தேத்தண்ணி குடிக்கும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "நான் ஒன்னப் பாக்காம இருந்திருந்தா?" பதில் இல்ல எங்கிட்ட. ஒரு வாரம் சரியா சாப்பிடல. ஒங்க கதைகளையும் எழுதுங்க.

ரொட்டியும்_சம்பலும்:
அக்கா படிச்சிட்டு கண்ணு கலங்கிருச்சி. நான் பதுளைப் பக்கம். என் கத சிரிப்புக் கத, ஆனா அன்னிக்கு யாரும் சிரிக்கல.

ஒரு தாத்தா. வார்ட்ல "மொனவத் கேவத"ன்னு, ஏதாச்சும் சாப்பிட்டீங்களான்னு சிங்களத்துல கேட்டிருக்காங்க, அவரு "நே", இல்லன்னுட்டாரு. பைல்லயும் பட்டினின்னு எழுதியாச்சு. தியேட்டர் வாசல்ல நான் தமிழ்ல "தாத்தா சாப்பிட்டீங்களா"ன்னேன், "இல்ல மகளே"ன்னாரு. சட்டையில பாத்தா மாவு. "காலையில என்னா செஞ்சீங்க"ன்னு மாத்திக் கேட்டேன். "சோறு திங்கலம்மா, மருமக ரெண்டு ரொட்டி சுட்டுக் குடுத்து விட்டுச்சி, அதத்தான் கட்டச்சம்பலோட"ன்னு சொல்றாரு! நம்ம ஆளுங்களுக்கு சோறு தின்னாத்தானே சாப்பாடு, ரொட்டியும் தேத்தண்ணியும் கணக்குலயே வராது. வயித்துல ரெண்டு ரொட்டியோட மயக்கம் போட்டிருந்தா அது மேல வந்து நுரையீரலுக்குள்ள எறங்கியிருக்கும்.

அன்னிக்கி மயக்க டொக்டர் அம்மா ஒப்பரேஷன மறுநாளைக்குத் தள்ளிட்டு என்னையக் கூப்பிட்டு, "நீ கேட்ட மாதிரியே தமிழ்ல எழுதிக் குடு"ன்னாங்க. நான் எழுதுனேன்: சோறு, ரொட்டி, பிஸ்கட், கஞ்சி, பால் தேத்தண்ணி எதுவும் ஒப்பரேஷனுக்கு 6 மணி நேரத்துக்கு முன்னாலயே நிப்பாட்டணும், தண்ணியும் பால் போடாத வெறும் தேத்தண்ணியும்னா 2 மணி நேரம், வெத்தல போடவே கூடாது. இவ்வளவுதான், அரைப் பக்கம். இத செவுத்துல ஒட்ட அனுமதி வாங்க ஏழு மாசம். ஒருத்தர் "சிங்களத்துல ஒண்ணு இருக்கே"ன்னாரு, ஒருத்தர் லெட்டர்ஹெட்ல கேட்டாரு. 1987ல 13ஆவது திருத்தத்துலயே தமிழும் அரசகரும மொழின்னு எழுதியாச்சு, எங்க வார்ட் செவுத்துக்கு மட்டும் சேதி வந்து சேரல. நான் விட்டுட்டேன், அந்த டொக்டர் அம்மா விடல, ஒவ்வொரு மீட்டிங்லயும் என்னையக் கூட்டிட்டுப் போயி பேச வச்சாங்க. அவங்களே பேசியிருந்தா ஒரு மாசத்துல முடிஞ்சிருக்கும்னு அப்ப கோவம் வந்துச்சி. இப்ப யாராவது பேப்பரக் கொண்டுவந்து நீட்டி எனக்காகப் பேசுங்கன்னா நானும் அதையேதான் செய்றேன், கூட்டிட்டுப் போயி பக்கத்துல ஒக்காந்துக்குறேன்.

லோவர்_டிவிசன்:
எல்லாருக்கும் அப்படி சிஸ்டர் கெடைக்காது, அதையும் எழுதிருவோம். நான் ஆம்பள நர்ஸ். எனக்கு சீனியரா இருந்தவரு ட்ரே அடுக்குறதக்கூட எனக்கு முதுகக் காட்டிக்கிட்டுத்தான் அடுக்குவாரு, நான் பாத்துக் கத்துக்கிட்டா அவரு எடம் போயிருமாம். கேள்வி கேட்டா எல்லாரு முன்னாலயும் ஏச்சு. எனக்கு டியூபுக்கு வழி காட்டுற பூஜி கம்பிய எப்படி வளைச்சிக் குடுக்கணும், ஒக்சிஜன் சிலிண்டர் தீரப்போகுதுன்னு சத்தத்தவச்சே எப்படிக் கண்டுபுடிக்கிறதுன்னு எல்லாம் சொல்லிக் குடுத்தது எங்க தியேட்டர் அட்டெண்டன்ட் அண்ணன். எட்டாம் வகுப்புதான். யாரு குருன்னு கேட்டா நான் அவரைத்தான் சொல்லுவேன், ஆனா அவரு சொல்லிக் குடுத்ததுக்கு சர்டிபிக்கேட் யாரு குடுப்பா?

கொட்டகலையிலருந்து_தூரம்:
நான் இப்ப அமெரிக்காவுல, கல்யாணம் கட்டி வந்து பத்து வருஷம். இங்க நர்ஸ் லைசன்ஸ் எக்ஸாம் பாஸ் பண்ணி ஐ.சி.யூ.ல 4 வருஷம் வேல செஞ்சி இப்ப நர்ஸ் எனஸ்தடிஸ்ட் படிப்புல ரெண்டாம் வருஷம். நம்ம ஊருக்கும் இங்கயும் பெரிய வித்தியாசம், இங்க நர்ஸே மயக்கம் குடுக்கலாம், அதுக்கு தனிப் படிப்பு, சி.ஆர்.என்.ஏ.ன்னு பட்டம், இப்ப புதுசா சேர்றவங்க டொக்டரேட் வரைக்கும் படிக்கணும். கொட்டகலையில இருக்குற எங்க அம்மாவுக்கு இது இன்னும் வெளங்கல, "டொக்டருக்கா படிக்கிற"ன்னா ஆமான்னும் சொல்ல முடியல இல்லன்னும் சொல்ல முடியல.

இங்கயும் இது சும்மா வந்துறல. மினசோட்டாவுல மேயோ சகோதரர்கள் கிட்ட வேல செஞ்ச அலிஸ் மகாவ்னு ஒரு நர்ஸ், ஈதர்ங்குற மயக்க மருந்து குடுக்குறதுல கெட்டிக்காரி, 14,000 பேருக்கு மேல மயக்கம் குடுத்து அதுல மயக்கத்தால ஒரு சாவுகூட இல்லன்னு 1906லயே எழுதி வச்சிட்டுப் போனாங்க. பெறகு 1931ல அகதா ஹொட்ஜின்ஸ்னு ஒருத்தங்க மயக்கம் குடுக்குற நர்சுங்களுக்குன்னு சங்கம் ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறமும் விடல, நர்ஸ் மயக்கம் குடுத்தா அது வைத்தியம் பாக்குற மாதிரி, சட்டப்படி தப்புன்னு கலிபோர்னியாவுல டக்மார் நெல்சன்ங்குற நர்ஸ் மேல கேஸ் போட்டாங்க, 1936ல அங்க உச்ச நீதிமன்றம் நெல்சன் பக்கம்தான் தீர்ப்பு சொல்லுச்சி. அந்த சி.ஆர்.என்.ஏ. பட்டம் 1956ல வந்தது. டொக்டர் மேற்பார்வை இல்லாம செய்யலாமாங்குற சண்ட இன்னும் ஓயல, மேற்பார்வை வேணும்னு மத்திய அரசாங்க விதி ஒண்ணு இருக்கு, 2001ல அயோவா மாநிலம்தான் முதமுதலா அதுலருந்து வெலகுச்சி.

இதெல்லாம் எனக்கு ஏன் மனப்பாடம்னா எனக்குச் சொல்லிக் குடுக்குறவங்க என்னைய அரசியல்வாதி ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. இங்க ஸ்டூடண்ட்ஸே நேர்ல போயி எங்க தொழிலுக்காகப் பேசுவோம், அதுவும் படிப்பு மாதிரிதான். எனக்குக் கை காலெல்லாம் நடுக்கம். "மூணு நிமிஷந்தான் தருவாங்க, அதுல ஒரு நிமிஷம் ஒன் பேரச் சொல்லிக் குடுக்கவே போயிரும், மிச்ச ரெண்டுல ஒரே ஒரு ஆளப் பத்திச் சொல்லு"ன்னாங்க. கார் பார்க்ல நின்னு நாலு தடவ சொல்ல வச்சாங்க. உள்ள போனா எங்க ஐ.சி.யூ. கத எல்லாம் மறந்து போச்சு, எங்க சின்னம்மா பிள்ளப் பேறுக்கு வலி வந்து கொழுந்து லொறியில ஏத்திட்டுப் போன கததான் வாயில வந்துச்சி. டவுன் ஆஸ்பத்திரி தூரம்னா என்னான்னு எனக்குத் தெரியும்னு சொன்னேன். இங்க நாட்டுப்புறத்து ஆஸ்பத்திரி நெறைய எடத்துல மயக்கம் குடுக்க சி.ஆர்.என்.ஏ.வ விட்டா வேற ஆளே இல்ல, அதனால அந்தக் கத பொருந்திப்போச்சு. கேட்டவரு எழுதிக்கிட்டாரு. என்னா எழுதுனாரோ.

கொழுந்துக்கூடை:
கொட்டகலை தங்கச்சி, சந்தோசமா இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லணும், இதப் படிச்சிட்டு இங்க யாராவது "அப்ப நாங்களும் மயக்கம் குடுக்குறோம்"னு கெளம்பிறாதீங்க. எனக்கு அந்த ஆச இல்ல, அதுக்கான படிப்பு நமக்கு இல்ல. நான் கேக்குறது சின்னது. மயக்கப் பக்கம் வேல கத்துக்கிட்ட நர்ஸ அஞ்சாறு வருஷம் கழிச்சி ஒரு இடமாற்றப் பேப்பர்ல வெளிநோயாளர் பாக்குற ஓ.பி.டி.க்கு அனுப்பிட்டு, அந்த எடத்துக்கு லரிங்கோஸ்கோப்ப இப்பத்தான் பாக்குற புள்ளையக் கொண்டாந்து போடாதீங்க. தியேட்டர் நர்ஸ்னா எல்லாம் ஒண்ணுன்னு நெனைக்கிறாங்க. கத்தி எடுத்துக் குடுக்குறது வேற, மூச்சுக்குக் காவல் நிக்கிறது வேற. நம்ம யூனியன்லயும் சம்பளம், ஓவர்டைம் காசுன்னா கூட்டம் நெறையும் (எனக்கும் காசு வேணும், இல்லன்னு சொல்லல), இதப் பேசுனா மூணு பேருதான்.

லோவர் டிவிசன் தம்பி, அந்த அட்டெண்டன்ட் அண்ணன் இன்னும் சேவீசுல இருந்தா அவரு சொன்னத எழுதி வைங்க.

லோவர்_டிவிசன்:
பென்ஷன் போயிட்டாரு அக்கா. தலவாக்கலையில இருக்காரு. தீபாவளிக்குப் போறப்ப கொப்பி ஒண்ணு கொண்டுட்டுப் போறேன்.

புதுநோட்டு:
எல்லாருக்கும் வணக்கம். நான் நர்சிங் ட்ரெய்னிங் ஸ்கூல்ல மூணாம் வருஷம், ஊரு மஸ்கெலியா. அடுத்த வாரம் தியேட்டர் டர்ன், ஒரு மாசம். சிங்களம் வெளங்குது, பேசப் போனா நாக்கு கட்டிக்குது. அக்காவோட சிஸ்டர் மாதிரி ஆளு அங்க இருப்பாங்களான்னு தெரியல. இல்லன்னா என்னா செய்றது?

கொழுந்துக்கூடை:
இல்லாமயும் போகலாம்டி. அதனால அவங்க வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காத.

முதநாள் மெஷின் பக்கம் நிக்காத, வெளியில ட்ரொலில படுத்திருக்குற ஆளுகிட்ட நில்லு. தமிழ் ஆளா இருந்தா மூணு கேள்வி, நம்ம ஊரு பாஷையில. காலையில எந்திரிச்சதுலருந்து வாயில என்னா என்னா போட்டீங்க, வெத்தல, மாத்திர எல்லாம் சேத்து. வாய நல்லா ஆன்னு தொறந்து காட்டுங்க, பயமில்லாம. முந்தி எப்பயாச்சும் ஒங்களுக்கோ ஒங்க வூட்டு ஆளுங்களுக்கோ ஊசி போட்டு மயக்குனப்ப ஏதாச்சும் பிரச்சன வந்துச்சா. சொல்றத அப்படியே எழுதிக்க.

பெறகு சிங்களம். கட்டுரை எழுதப் போறதில்ல நீ. ரெண்டு வார்த்த போதும்: "பொட்டக் இன்ன". கொஞ்சம் நில்லுங்கன்னு. பின்னால சேர்னு போட்டுக்க. டொக்டர் மருந்து போடப்போறாரு, ஒனக்கு ஏதோ சரியில்லன்னு தோணுது, மொதல்ல இதச் சொல்லிரு, ஊசி புடிச்ச கை நின்னுரும், மிச்சத்த இங்கிலீசோ தமிழோ கையக் காட்டியோ சொல்லிக்கலாம். தப்பா நிப்பாட்டிட்டா ஏச்சு விழும். எனக்கு ரெண்டு தடவ விழுந்திருக்கு, ஒண்ணு நெசமாவே என் முட்டாள்தனம், அது வேற கத.

ரொட்டியும்_சம்பலும்:
அக்கா அந்தக் கதையச் சொல்லாம போக விடமாட்டோம்.

புதுநோட்டு:
பொட்டக் இன்ன சேர். எழுதிக்கிட்டேன் அக்கா. ஹொஸ்டல்ல என் ரூம்மேட்டு சிங்களப் புள்ள, அவகிட்ட பத்து தடவ சொல்லிப் பாத்துட்டேன், பொட்டக் இன்ன பொட்டக் இன்னன்னு, அவ லைட்ட நிப்பாட்டாம ஒக்காந்துக்கிட்டு எதுக்குடி நிக்கச் சொல்றன்னு கேக்குறா.