ஹெட்லைட் மங்கல்: ரிலே போடுவதா, வோல்ட் குறையும் இடத்தைத் தேடுவதா?

பழைய350: 350 சிசி பைக், 11 வருஷம் ஆகிறது. 60/55 வாட் பல்பு. லைட்டைப் போட்டால் பேட்டரியில் 12.3 வோல்ட், பல்பு கப்ளரில் (வயர் பல்போடு சேரும் இணைப்பு) 10.3தான். ராத்திரி ரோட்டில் மாடு நின்றால் கிட்டப் போனபிறகே தெரிகிறது. மெக்கானிக் வயரிங் கிட்டையே மாற்றச் சொல்கிறார். மாற்றவா?

ரிலேபாண்டி: கிட் வேண்டாம். பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தனி வயர் இழுத்து ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்) போடுங்கள். ஹேண்டில்பார் சுவிட்ச் ரிலேயை இயக்கினால் போதும், 5 ஆம்பியரையும் அது தாங்க வேண்டியதில்லை.

வயர்மேன்: பாண்டி அண்ணா, 2 வோல்ட் எங்கே போகிறது என்று பார்க்காமல் ரிலே போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தம்பி, பல்பைக் கழற்றாதீர்கள். கழற்றினால் கரண்ட் ஓடாது, மீட்டர் 12 காட்டி ஏமாற்றும். லைட் எரியும்போதே, மீட்டரை வோல்ட்டில் வைத்து, கப்ளரின் பின்பக்கம் ஒரு முனை, பேட்டரி பாசிட்டிவில் மறுமுனை. அதேபோல் பல்பின் எர்த்துக்கும் (கரண்ட் ஃப்ரேம் வழியாகத் திரும்பும் வயர்) பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே.

ரிலேபாண்டி: எதற்கு இவ்வளவு? மீட்டரை ஓம்ஸில் (வயரின் தடையை அளப்பது) வைத்தாலே வயர் நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடுமே.

பழைய350: பாசிட்டிவ் பக்கம் 0.8, எர்த் பக்கம் 1.2 வோல்ட். ஓம்ஸில் எர்த் வயர் 0.5தான் காட்டுகிறது.

வயர்மேன்: வோல்ட் குறைந்ததால் பல்பில் 5க்குப் பதில் சுமார் 4.5 ஆம்பியர்தான் ஓடும்; 1.2ஐ அந்த 4.5ஆல் வகுத்தால் 0.27 ஓம். சாதா மீட்டரின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தாலே 0.2, 0.3 காட்டும். அதனால்தான் ஓம்ஸில் இந்தக் கோளாறு பிடிபடாது. ஆனால் அந்த இடத்தில் 5 வாட் சூடு கிளம்பும், தொட்டாலே தெரியும். பாசிட்டிவில் மட்டும் ரிலே போட்டால் இந்த 1.2 அப்படியே நிற்கும்.

ரிலேபாண்டி: எர்த்தையும் தனியாக இழுக்கலாமே?

வயர்மேன்: இழுக்கலாம். ஆனால் இண்டிகேட்டருக்கும் அதே எர்த் போல்ட் என்றால் அது மங்கலாகவே இருக்கும்.

பழைய350: டேங்கைத் தூக்கிப் பார்த்தேன். ஃப்ரேமில் எர்த் டெர்மினல் பச்சையாகக் களிம்பேறி, அடியில் பெயிண்ட். சுரண்டி இறுக்கி வாசலின் தடவினேன். எர்த் பக்கம் இப்போது 0.1, பல்பில் 11.3!

ரிலேபாண்டி: சந்தோஷம் தம்பி. எர்த் விஷயத்தில் வயர்மேன் சொன்னதுதான் சரி. ஆனால் மிச்சமுள்ள வோல்ட் சுவிட்ச்சில்தான் போகிறது, அதற்கு ரிலேதான்.

வயர்மேன்: சுவிட்ச்தான் என்று இன்னும் யாரும் அளக்கவில்லை அண்ணா. ஃபியூஸ் ஹோல்டர், சாவி சுவிட்ச் கப்ளர், டிம்-பிரைட் சுவிட்ச் என்று ஒவ்வொன்றாக அளந்து எண்களை இங்கே போடுங்கள் தம்பி. காண்டாக்ட் தேய்ந்திருந்தால் ரிலேக்கு நானே வயரிங் வரைந்து தருகிறேன்.