நாள் முழுதும் நின்று வேலை: குதிகால் வலிக்கு ஃபேசியாதான் காரணமா?

கீழவாசல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஜவுளிக்கடை ஒன்றின் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன், வயது 44. காலையில் கடை திறந்தது முதல் இரவு கணக்கு முடிக்கும் வரை பெரும்பாலும் நின்றபடியேதான் பொழுது கழிகிறது. சில மாதங்களாகக் காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது வலது குதிகாலின் உட்பக்கம் சுருக்கென்று குத்துகிறது. கொஞ்சம் நடந்ததும் மட்டுப்படுகிறது. மாலையில் மறுபடியும் தலைகாட்டுகிறது. இரவில் இடுப்பும் இறுகிவிடுகிறது.

உள்ளங்காலில் இருக்கும் ஃபேசியா பாதிக்கப்பட்டிருப்பதாக மருத்துவர் சொல்லி, ஐந்து நாளுக்கு வலி மாத்திரை கொடுத்தார். யூடியூபில் தேடினால், உடல் முழுவதும் ஃபேசியா ஒட்டிக்கொண்டிருக்கிறது, உருளையால் உருட்டிப் பிரித்தெடுக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்கிறார்கள். அந்த உருளையை வாங்குவதில் பயன் உண்டா? வேலையை விட முடியாத என்னைப் போன்றவர்கள் அன்றாடம் என்ன செய்யலாம்?

பிசியோ_உறையூர்

வணக்கம் ஐயா. தசைகளைப் போர்த்தி, நரம்பையும் இரத்தக்குழாய்களையும் அதனதன் இடத்தில் பிடித்துவைத்திருக்கும் இணைப்புத் திசுதான் ஃபேசியா. அதன் வலு கொலாஜன் என்ற புரத இழைகளில் இருக்கிறது. அடுக்குகளுக்கு நடுவே ஹயலுரோனான் என்ற வழுவழுப்பான பொருள் இருப்பதால் ஓர் அடுக்கு இன்னொன்றின் மேல் தடையின்றி நகர்கிறது. 2011இல் அமெரிக்காவில் ஹெலன் லாங்கெவின் குழுவினர் அல்ட்ராசவுண்ட் கருவியால் ஆராய்ந்தபோது, நாள்பட்ட இடுப்பு வலி உள்ளவர்களுக்குக் கீழ்முதுகு ஃபேசியாவின் இந்த நகர்வு, வலி இல்லாதவர்களைவிட ஏறத்தாழ 20 சதவீதம் குறைவாக இருந்தது. நகர்வு குறைந்ததால் வலி வந்ததா, வலியால் அசையாமல் இருந்து நகர்வு குறைந்ததா என்பதை அந்த ஆய்வு தீர்த்துவைக்கவில்லை. இருந்தாலும் மணிக்கணக்கில் ஒரே நிலையில் இருப்பதுதான் முதலில் மாற்ற வேண்டிய பழக்கம் என்பது என் கருத்து. நிற்பதும் அதில் அடக்கம்.

உங்கள் குதிகால் விஷயத்துக்கு வருகிறேன். குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிவரை தடித்த பட்டையாக ஓடும் ஃபேசியா, கட்டைவிரல் மேல்நோக்கி மடங்கும்போது இழுபட்டுப் பாதத்தின் வளைவைத் தூக்கிக் கொடுக்கிறது. தூக்கத்தில் பாதம் கீழ்நோக்கிச் சாய்வதால் அந்தப் பட்டை தளர்ந்து கிடக்கும். எழுந்ததும் உடலின் எடை முழுவதும் ஒரே நொடியில் அதன்மேல் இறங்குவதால்தான் முதல் அடி அப்படிக் குத்துகிறது. நாள்பட்ட வலியுள்ளவர்களிடமிருந்து அறுவை சிகிச்சையில் எடுத்த திசுக்களை 2003இல் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், அழற்சியைவிட இழைகள் நைந்துபோன அடையாளங்களையே கண்டார்கள். மாத்திரை வலியை மழுங்கச் செய்யும். நைந்த இழையை அது வலுப்படுத்தாது. அதற்குப் படிப்படியாக ஏற்றும் பளு வேண்டும்.

டென்மார்க்கில் 48 பேரை வைத்து நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில் பயன்படுத்திய பயிற்சியை நான் அடிக்கடி சொல்லிக்கொடுக்கிறேன். மாடிப்படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, சுருட்டிய துண்டை விரல்களுக்கு அடியில் வைத்து, விரல்கள் மேல்நோக்கி வளைந்திருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று நொடியில் குதிகாலை உயர்த்தி, இரண்டு நொடி அப்படியே நிறுத்தி, மூன்று நொடியில் இறக்குங்கள். பன்னிரண்டு முறைக்குமேல் முடியாது என்ற அளவுக்குப் பளு இருக்க வேண்டும். அப்படி மூன்று சுற்றுகள் செய்து, எளிதாகிவிட்டால் முதுகுப்பையில் புத்தகங்களைப் போட்டு எடையைக் கூட்டிக்கொள்ளலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களில் நடந்த ஆய்வுகளின்படி, பளு ஏற்றிய முதல் ஒன்றரை நாள்வரை கொலாஜன் உருவாவதைவிடச் சிதைவதே அதிகம் என்பதால், தினமும் செய்வது சுறுசுறுப்பாகத் தோன்றினாலும் பலனைக் கெடுக்கக்கூடும். அந்த ஆய்வில் மூன்றாம் மாதத்தில், வெறுமனே நீட்டும் பயிற்சி செய்தவர்களைவிட இந்தப் பளுப் பயிற்சி செய்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்திருந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரு குழுவினரும் ஏறக்குறைய சமமாகிவிட்டார்கள். எனவே பொறுமை வேண்டும்.

கட்டிலை விட்டு இறங்கும் முன், வலது காலை இடது தொடைமேல் போட்டு, கையால் விரல்களை முழங்காலை நோக்கி இழுத்துப் பத்து நொடி பிடித்து விடுங்கள். இப்படிப் பத்து முறை. அப்போது மறுகையால் உள்ளங்காலைத் தடவினால் பட்டை விறைத்து நிற்பது தெரியும். தெரியவில்லையென்றால் இழுப்பு போதவில்லை என்று பொருள்.

அன்னம்மாள்

தம்பி, ஜவுளிக்கடையில் நின்றே வயதானவள் நான். பிசியோ சொன்ன பயிற்சியைச் செய்யுங்கள். கூடவே கடையில் செய்ய முடிந்தவற்றையும் சொல்கிறேன். இரண்டு காலிலும் ஒரேபோல் எடையைப் போட்டுச் சிலைபோல் நிற்காதீர்கள். மேசைக்கு அடியில் சிறு பலகையைப் போட்டு, மாற்றி மாற்றி ஒரு காலைத் தூக்கி வைத்தாலே இடுப்பு இளகும். கீழ்த்தட்டில் இருக்கும் சேலையை எடுக்க முதுகை வளைத்துக் குனிவதை விட்டு, குந்தி எடுத்துப் பழகுங்கள். கணுக்காலும் இடுப்பும் முழுதாக மடங்கும் வேலை நமக்கு நாள் முழுதும் வேறு எங்கே கிடைக்கிறது?

2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்து, பணியாளர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்றாகிவிட்டது. நான் வேலை பார்த்த இடத்திலும் ஸ்டூல் வந்தது. வந்த மறுவாரமே அதன்மேல் ஜாக்கெட் துணிக்கட்டு ஏறிக்கொண்டது! அதை இறக்கிவைத்துவிட்டு உட்காருவது உங்கள் உரிமை. கூட்டம் இல்லாத நேரத்தில் கூச்சப்படாதீர்கள். வீட்டில் கிரானைட் தரையில் வெறுங்காலோடு நடப்பதைக் கொஞ்ச காலத்துக்கு நிறுத்திவிட்டு, மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு ஒன்றை வீட்டுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுகோல்

உருளையைப் பற்றி நண்பர் கேட்டதற்கு யாரும் பதில் தரவில்லையே. தொடையின் வெளிப்பக்க ஃபேசியாவையும் உள்ளங்கால் ஃபேசியாவையும் ஒரே ஒரு சதவீதம் அமுக்குவதற்குக்கூட, மனித உடல் இயல்பாகச் சந்திக்கும் விசைகளைத் தாண்டிய அளவு தேவைப்படும் என்று 2008இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். அப்படியிருக்க, கையளவு ரப்பர் உருளை ஒட்டுகளைப் பிய்த்தெடுக்கிறது என்பது விளம்பரப் பேச்சு. உருட்டினால் சிறிது நேரத்துக்கு மூட்டு கூடுதலாக மடங்குகிறது, வலி தணிகிறது. நரம்பு மண்டலம் அந்த அழுத்தத்துக்குப் பழகுவது இதற்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கலாம். அந்தச் சுகத்துக்குத் தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறையவைத்து, துணி சுற்றிக் காலடியில் உருட்டினாலே போதும், காசு மிச்சம்.

தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். குடம் குடமாகக் குடித்தால் ஃபேசியா ஊறிப் புதிதாகிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கொலாஜன் உருவாக வைட்டமின் சி கட்டாயம் வேண்டும் என்பது உண்மை, அதற்குக் கொய்யாவும் நெல்லிக்காயும் இருக்கின்றன.

கீழவாசல்

விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. அக்கா, எங்கள் கடை ஸ்டூலின் கதையும் அதேதான். பிசியோ அவர்களிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். எனக்கு நான்கைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை உண்டு. இந்தப் பயிற்சியைச் செய்யலாமா? செய்யும்போது வலித்தால் நிறுத்திவிட வேண்டுமா?

பிசியோ_உறையூர்

இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டியவன் நான். இரத்தத்தில் சர்க்கரை நீண்டகாலம் கூடியிருந்தால் கொலாஜன் இழைகளுக்கு இடையே தேவையற்ற பிணைப்புகள் உண்டாகித் திசு விறைக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது அதிகம் காணப்படுவதற்கும் இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் ஃபேசியாவைப் பேணுவதில் சேர்ந்ததுதான்.

பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் சோதித்துக்கொண்ட பிறகே ஒற்றைக்கால் பயிற்சியைத் தொடங்குங்கள். அதுவரை இரு காலிலும் நின்று செய்யலாம். உணர்ச்சி குறைந்திருந்தால் உறைந்த பாட்டிலைத் தொடவே வேண்டாம். பயிற்சியின்போது தாங்கக்கூடிய வலி இருப்பதில் தவறில்லை. மறுநாள் காலை முதல் அடியின் வலி வழக்கத்தைவிடக் கூடினால் எடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று யாரேனும் சொன்னால், அது சர்க்கரையைச் சில நாள் ஏற்றிவிடும், அரிதாக அந்தப் பட்டை அறுந்துபோவதும் உண்டு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். வீக்கம், மரத்துப்போதல், படுத்திருக்கும்போதும் விடாத வலி, காலை எழுந்து அரைமணிக்கு மேலாகியும் விலகாத முதுகு இறுக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.