மறு: ஒரே பெயர்க்காரர்களைப் பிரிக்கும் சொல் – ‘இன அடை’ ஆகுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரே பெயரில் பலர் வரும்போது (இப்போது வந்திருப்பவர்கள் ‘அவீட்டஸ்’ என்ற பெயரில் நால்வர்) கட்டுரைத் தலைப்போடு நாம் ஒட்டும் துண்டுக்கு இதுவரை இரண்டு சொற்கள் வந்துள்ளன: ‘தெளிவுக்குறி’, ‘வேறுபடுத்தி’. முதலாவது ஏதோ நிறுத்தக்குறி போல ஒலிக்கிறது. இரண்டாவது காதில் வினையெச்சமாகத்தான் விழும். ‘வேறுபடுத்தி சேர்க்கவும்’ என்று எழுதிப் பாருங்கள்.

> திருச்சபைத் தலைவர்களும் உரோமைப் பேரரசரும்தானே? பதவியைப் போட்டால் தீர்ந்தது. இதற்குத் தனிச்சொல் எதற்கு?

தீராது. அவீட்டஸை எடுத்துக்கொள்ளுங்கள். (நெடில் வேண்டும். குறிலாக்கினால் அவிட்ட நட்சத்திரம் வந்து நிற்கும்.) 455-இல் வண்டல்கள் (Vandals) என்ற செருமானிய இனத்தார் உரோமைச் சூறையாடியதை அடுத்து, கால் (Gaul, இன்றைய பிரான்சுப் பகுதி) நாட்டில் பேரரசராக அறிவிக்கப்பட்டவர் இவர். மறு ஆண்டே இத்தாலியின் பியாசென்சாவில் படைத்தலைவர்கள் ரிசிமரும் மயோரியனும் இவரைத் தோற்கடித்தார்கள். அங்கேயே கொன்றுவிடாமல் அந்த ஊருக்கே ஆயர் (பிஷப்) ஆக்கினார்கள். அரியணை போனவரை ஓரங்கட்ட அது ஒரு வழி. ஆக, ‘அவீட்டஸ் (ஆயர்)’ என்று போட்டால் பேரரசரும் அதற்குள் வந்துவிடுகிறார்!

அடுத்த அவீட்டஸ், பிரான்சிலுள்ள வியென் நகர ஆயர். பிராங்கு அரசன் குளோவிஸ் திருமுழுக்குப் பெற்றபோது வாழ்த்துக் கடிதம் எழுதியவர். 517-இல் எப்பாவோனில் கூடிய ஆயர்கள் சங்கத்தில் தலைமை வகித்தவர். இவர் தந்தையும் அதே வியெனில் ஆயர். பேரரசருக்கு உறவினர் என்றே பொதுவாகக் கருதுகிறார்கள், ஆகவே குலத்தைச் சொல்லியும் பிரிக்க முடியாது. ஆறாம் நூற்றாண்டில் கிளெர்மோனிலும் ஓர் ஆயர் அவீட்டஸ் உண்டு. பேரரசரோ கிளெர்மோன் அடங்கிய ஒவேர்ஞ் பகுதிக்காரர், எனவே சொந்த ஊரும் கைகொடுக்காது. நான்காமவரான பிராகா (இன்றைய போர்ச்சுகல்) அவீட்டஸ் ஆயர் அல்லர், குரு (பாதிரியார்). புனித ஸ்தேவானின் திருப்பண்டம் (உடல் எச்சம்) கிடைத்த செய்தியை இலத்தீனில் தந்தவர்.

இந்தச் சிக்கலுக்கு நன்னூலிலேயே சொல் இருக்கிறது. பெயரோடு சேர்ந்து வரும் அடைமொழியே அடை. பொருள், இடம், காலம், சினை (உறுப்பு), குணம், தொழில் என ஆறு வழியில் அது வரும். அது இனமுள்ள அடையாகவும் இருக்கலாம், இனமில்லா அடையாகவும் இருக்கலாம். வெண்டாமரை இருப்பதால் ‘செந்தாமரை’ இனமுள்ளது. கருஞாயிறு கிடையாது, ஆகவே ‘செஞ்ஞாயிறு’ இனமில்லாதது. நமக்கு வேண்டியது முதல் வகை: இன அடை. எப்போது ஒட்டக்கூடாது என்பதையும் இது சொல்லிவிடுகிறது. பேரரசரின் மருமகன் சிதோனியுஸ் அப்பொலினாரிஸும் கிளெர்மோன் ஆயரானவர்தான். ஆனால் அந்த முழுப்பெயரில் குழப்பம் எதுவும் இல்லை. அவருக்கு ‘(ஆயர்)’ போடுவது செஞ்ஞாயிறுதான்.

> இனவடையா? டீக்கடைப் பலகையில் எழுதலாம்!

சிரித்துவிட்டேன். அதனால்தான் ‘இன அடை’ என்று பிரித்தே எழுதச் சொல்கிறேன். ‘பிரிப்படை’யும் யோசித்தேன், அது பட்டாளம் கிளம்புவது மாதிரி இருக்கிறது. ‘இனம்’ என்றாலே இன்று சாதி, மொழி நினைவு வரும் என்பது நியாயமான மறுப்பு. ஆனால் ‘இனவெழுத்து’ என்று பள்ளியில் படித்தவர்கள்தானே எல்லோரும்.

அடையை எங்கே வைப்பது என்பது இன்னொரு கேள்வி. புறநானூற்றில் நன்மாறன் என்ற பெயரில் இரண்டு பாண்டியர்கள்: சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன். இறந்த இடத்தை வைத்துப் பிரித்து, அடையை முன்னால் வைத்திருக்கிறார்கள். ஆகவே கட்டுரைக்குள் ‘வியென் அவீட்டஸ்’ என்றே எழுதலாம். தலைப்பில் மட்டும் அகரவரிசை கெடாமலிருக்க அடைப்புக்குறி: அவீட்டஸ் (வியென்), அவீட்டஸ் (கிளெர்மோன்), அவீட்டஸ் (பிராகா), அவீட்டஸ் (பேரரசர்). கடைசி ஒன்று மட்டும் தொழிலடை, மற்றவை இடவடை. நால்வரில் அரியணை ஏறியவர் ஒருவரே என்பதால் அது போதும்.

வினையாக ‘இன அடை இடுதல்’ என்று கொள்ளலாமா? ‘அடையிடுதல்’ என்று சுருக்கினால் நன்னூலின் வேறுபாடே போய்விடும் என்பது என் எண்ணம். மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். ‘ஸ்’ஸா ‘சு’வா என்ற சண்டைக்கு மட்டும் வேறு இழை திறந்துகொள்ளவும்.