ஐசிஎஸ் ஃபைல இம்போர்ட் பண்ணா பதில் போகணுமா, வேணாமா?

ராணிப்பேட்டை_ஷூ:
சிப்காட்ல தோல் கம்பெனில வேல எனக்கு. இத்தாலி பையர் மீட்டிங் ஐசிஎஸ் ஃபைலா (காலண்டர்ல ஏத்துற மீட்டிங் விவர ஃபைல்) மெயில்ல வந்துச்சு, இறக்கி காலண்டர்ல இம்போர்ட் பண்ணி 'வரேன்'னு குறிச்சிட்டு சாம்பிளெல்லாம் எடுத்து வச்சிக்கினு காத்துக்கினு இருந்தா ஆளயே காணோம், கேட்டா உங்ககிட்டேர்ந்து பதிலே வரலன்றாரு. நோட்பேட்ல தொறந்து பாத்தா என் பேருகிட்டயே ஆர்எஸ்விபி=ட்ரூன்னு, அதாவது பதில் வேணும்னு, இருக்கு. பதில் கேக்குற ஃபைலுக்கு பதில் போக வேணாமா?

காட்பாடிக்காரன்:
வேணாம் தம்பி. இம்போர்ட்னா நகல் எடுக்குறது, அவ்ளோதான். பழைய காலண்டர்லேர்ந்து மாத்துனப்ப முடிஞ்சி போன மீட்டிங்குக்கெல்லாம் நான் வரேன்னு மெயில் பறந்துச்சு எனக்கு, வேலய விட்டுப் போனவங்களுக்குக் கூட. கூகுள் காலண்டர் இம்போர்ட்ல கெஸ்ட் லிஸ்டயே எடுக்காது, அதான் சரி.

ராணிப்பேட்டை_ஷூ:
இன்னாண்ணா, ரெண்டும் ஒண்ணா? மேல மெத்தட்னு ஒரு வரி இருக்கும், அத பாருங்க. ரெக்வஸ்ட்னு இருந்தா அழைப்பு, பதில எதிர்பாக்குது. பப்ளிஷ்னு இருந்தா சும்மா தகவல். 2009லயே ஆர்எஃப்சி 5546ல (இன்டர்நெட் விதிமுறை ஆவணம்) எழுதி வச்சிட்டாங்க. எனக்கு வந்தது ரெக்வஸ்ட்.

காட்பாடிக்காரன்:
எழுதி வச்சாங்க, யாரு கேட்டாங்க? பப்ளிஷ்ல அட்டெண்டி (மீட்டிங்குக்கு வர்றவங்க பேரு) வரியே இருக்கக்கூடாதுன்னு அதே ஆர்எஃப்சி சொல்லுது, ஆனா எக்ஸ்போர்ட் பண்ண ஃபைல தொறந்து பாரு, மொத்த ஆளும் உள்ள இருப்பாங்க. அந்த மெத்தட் வரிய நம்பி மெயில் அனுப்ப விட முடியாது.

குடியாத்தம்:
நடுவுல வரேன். காட்பாடி அண்ணா பயப்படுறது நியாயம், நானும் அதுக்காகவே ஆர்எஸ்விபி=ட்ரூவ தேடி ஃபால்ஸ்னு மாத்திட்டுதான் இம்போர்ட் பண்ணுவேன் (அந்த வார்த்தயே இல்லனா ஃபால்ஸ்னுதான் அர்த்தம்). அப்பவும் சிலது தப்பிச்சிடுச்சு. ஏன்னா 75 பைட்டுக்கு மேல போனா வரிய ஒடச்சி அடுத்த வரிய ஒரு ஸ்பேஸோட ஆரம்பிக்கணும்னு ஆர்எஃப்சி 5545ல இருக்கு. பேரு தமிழ்ல இருந்தா சீக்கிரமே ஒடயும், 'கு'ன்னு ஒரு எழுத்துக்கே ஆறு பைட் போவுது. என் ஃபைல்ல ஆர்எஸ் இந்த வரில, விபி அடுத்த வரில. தேடுனா எப்டி கெடைக்கும்?

ராணிப்பேட்டை_ஷூ:
அதுக்குதான் சொல்றேன், நாம நோட்பேட்ல நோண்டக்கூடாது. இம்போர்ட் பண்றப்பவே 'இவருக்கு பதில் அனுப்பவா'ன்னு கேக்கட்டும். அனுப்பலனா அனுப்பலன்னு கண்ணுல படுற மாதிரி காட்டட்டும், நான் 'வரேன்'னு குறிச்சது என் கம்ப்யூட்டர்லயே கெடந்துச்சுன்னு எனக்கு தெரியவே தெரியாது.

காட்பாடிக்காரன்:
கேக்கட்டும், ஒத்துக்கறேன். ஆனா நான் எதுவும் அமுக்கலனா 'அனுப்பாதே'ன்னுதான் இருக்கணும், முடிஞ்ச மீட்டிங்குக்கு கேக்கவே கூடாது. இதுல நான் எறங்கி வர மாட்டேன்.

ராணிப்பேட்டை_ஷூ:
முடிஞ்சதுக்கு சரிண்ணா. வரப்போற மீட்டிங்க்கு கேக்காம விட்டா எங்க மாதிரி ஆளுக்கு ஆர்டரே போயிடும். பையருக்கு நேரா மெயில் போட்டுட்டேன், வெள்ளிக்கிழம மூணரைக்கு வச்சிருக்காரு.