சுங்குடிக் கடைக்கு எந்த டொமைன்? டாட் காம் போய்விட்டது, பெயரில் ஒரு ‘ழ’ வேறு இருக்கிறது

முடிச்சுக்காரன்:
வணக்கம். விளக்குத்தூண் பக்கம் அப்பா காலத்திலிருந்து சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறோம். இப்போது பாதி வியாபாரம் வாட்ஸப்பில்தான். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் கேட்கிறார்கள். சித்திரைத் திருவிழாவுக்குள் ஒரு வெப்சைட் போட்டுவிட வேண்டும்.

வெப்சைட் முகவரிக்கு (டொமைன்) கடைப் பெயரில் டாட் காம் தேடினேன். யாரோ எடுத்து ‘விற்பனைக்கு’ என்று போட்டு வைத்திருக்கிறார்கள். விலை கேட்டால் அறுபதாயிரம் என்கிறார்கள். அக்கா மகன், “டாட் ஷாப் எடுங்க மாமா, முதல் வருசம் தொண்ணூத்தொம்பது ரூபாதான்” என்கிறான். வெப்சைட் செய்து தருபவரோ, “டாட் கோ டாட் இன் போதும் சார், என் கணக்கிலேயே எடுத்துடறேன்” என்கிறார். இவற்றில் என்ன வித்தியாசம், எதை எடுப்பது?

இன்னொரு சிக்கல். கடைப் பெயரில் ஒரு ‘ழ’ இருக்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் இசட்எச் போடுவதா, எல் போடுவதா என்று வீட்டில் இரண்டு கட்சி. நான் இசட்எச் கட்சி.

தெற்குமாசி:
அண்ணே, மற்றதெல்லாம் அப்புறம். அவர் கணக்கில் எடுக்க விடாதீர்கள். நான் சுட்டுக்கொண்டவன்.

எங்கள் பாத்திரக் கடைக்கு டிசைன் செய்த பையன் அவன் மெயில் ஐடியிலேயே டொமைனைப் பதிந்துவிட்டான். மூன்று வருடம் ஓடியது. அப்புறம் அவன் வேலை கிடைத்து பெங்களூரு போனான், நம்பரும் மாறிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில் எல்லாம் அவனுக்கே போயிருக்கிறது. டாட் காம் காலாவதியானாலும் உடனே கைவிட்டுப் போய்விடாது. டொமைனைப் பதிந்து தரும் நிறுவனமான ரிஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்கலாம். அதன் பிறகும் 30 நாள் அபராதத்தோடு மீட்கலாம். கடைசி 5 நாள் யாராலும் தொட முடியாது, பிறகு பொதுவில் விழுந்துவிடும். எங்களுக்குத் தெரிய வந்தபோது அதுவும் முடிந்திருந்தது. இன்றைக்கு எங்கள் கடைப் பெயரை அடித்தால் சூதாட்ட விளம்பரம் வருகிறது. பழைய பில்லில், பையில் எல்லாம் அந்த முகவரிதான் அச்சடித்திருக்கிறோம்.

உங்கள் பெயர், உங்கள் மெயில், உங்கள் மொபைல், உங்கள் கார்டு. டிசைனருக்கு வேண்டிய அனுமதியை மட்டும் கொடுங்கள். அவர் ஏற்கெனவே எடுத்துவிட்டார் என்றால் உரிமையாளர் விவரத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள். புதிதாக எடுத்த டாட் காமை 60 நாளுக்கு வேறு ரிஜிஸ்ட்ராருக்கு நகர்த்த முடியாது, அதையும் மனத்தில் வையுங்கள்.

வைகை வடகரை:
தெற்குமாசி சொன்னதுதான் முதல் வேலை. இனி வகைகள்.

காம், நெட், ஆர்க் எந்த நாட்டையும் சேராதவை. காம் 1985இலிருந்து இருக்கிறது. நம் ஊரில் எந்த வெப்சைட் பெயரைச் சொன்னாலும் கை தானாக டாட் காம் என்றுதான் முடிக்கும். அதன் பலமே அந்தப் பழக்கம்தான். ஆர்க் என்றால் அறக்கட்டளை நினைவு வரும், சேலைக் கடைக்கு ஒட்டாது.

இன் என்பது இந்தியாவுக்கான நாட்டுக் குறி, நிக்ஸி என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. 2005இல்தான் பெயருக்கு அடுத்து நேரடியாக இன் போட்டுக்கொள்ளும் வழி எல்லோருக்கும் திறந்தது. கோ டாட் இன் அதற்கு முந்தைய காலத்து வழக்கம். தப்பில்லை, ஆனால் போனில் சொல்லும்போது இரண்டு ‘டாட்’ சொல்ல வேண்டும், பாதிப் பேர் ஒன்றை விட்டுவிடுவார்கள். வெறும் இன் கிடைக்கும்போது அதை ஏன் எடுக்க வேண்டும்? (இன்னுக்கு முன்னால் ஜிஓவி, ஏசி வருபவை அரசுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும்தான். வங்கிகளையும் 2025இல் ரிசர்வ் வங்கி பேங்க் டாட் இன்னுக்கு மாறச் சொன்னது. கண்டவருக்கும் கிடைக்காது என்பதுதான் அதற்கு மரியாதை.)

ஷாப், ஸ்டோர், ஆன்லைன் எல்லாம் 2012இல் டொமைன்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு விண்ணப்பம் வாங்கி, பிறகு ஒவ்வொன்றாக வந்தவை. கூகுள் தேடலில் இவற்றுக்குச் சலுகையும் இல்லை, தண்டனையும் இல்லை. அக்கா மகனிடம் இரண்டாம் வருடம் எவ்வளவு என்று கேளுங்கள். புதுப்பிக்கும் விலை பெரும்பாலும் பல மடங்கு, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. டொமைனை வாங்கும் விலையில் பார்க்கக் கூடாது, புதுப்பிக்கும் விலையில் பார்க்க வேண்டும்.

அறுபதாயிரம் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு நல்ல போட்டோகிராபர் வைத்துச் சேலைகளைப் படம் எடுக்கலாம்.

சிம்மக்கல் அக்கா:
தம்பி, இசட்எச் போடுவதா, எல் போடுவதா என்று வீட்டுக்குள் ஏன் சண்டை? சேலை வாங்குபவர்களிடம் கேளுங்கள். நான் ஊறுகாய்க்குப் பெயர் வைத்தபோது செய்தது இதுதான்: பத்து வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டு, பெயரை வாயால் மட்டும் சொல்லி, “இதை வாட்ஸப்பில் ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புங்க” என்றேன். பத்துப் பேரில் எத்தனை பேர் ஒரே மாதிரி அடிக்கிறார்களோ அதுதான் முகவரி. ஹைபன், எண் இரண்டும் வேண்டாம். ‘நடுவில் ஒரு கோடு’ என்று சொன்னால் அடிக்கோடு போடுவார்கள், அது டொமைனில் செல்லாது.

முடிச்சுக்காரன்:
நன்றி அக்கா, இன்றைக்கே செய்கிறேன். இரண்டு சந்தேகம். பேசாமல் ‘மதுரை சுங்குடி’ என்றே எடுத்துவிட்டால்? அல்லது தமிழிலேயே எடுத்தால் ‘ழ’ பிரச்சினையே இல்லையே?

வைகை வடகரை:
சுங்குடியை எஸ்ஸில் தொடங்குபவர்கள் உண்டு, சிஎச்சில் தொடங்குபவர்கள் உண்டு, நடுவில் யூ, ஏ, ஐ மூன்றும் பார்த்திருக்கிறேன். ஒரு ‘ழ’வுக்குத் தப்பி நாலு எழுத்தில் மாட்டுவீர்கள். அது புவிசார் குறியீடு பெற்ற பெயர், ஊர்ச் சொத்து. உங்கள் தெருவில் எத்தனை கடைக்கு அந்தப் பெயர் பொருந்தும் என்று எண்ணிப் பாருங்கள். அப்பா வைத்த பெயர்தான் உங்களுடையது.

தமிழில் எடுக்கலாம், ‘.இந்தியா’ என்றே முடியும். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் உலாவியிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் பல நேரம் எக்ஸ்என் என்று தொடங்கும் புரியாத எழுத்துக் கோவையாக மாறிவிடும், பார்ப்பவர் மோசடி என்று பயப்படுவார். மெயில் முகவரியாகவும் எல்லா இடத்திலும் ஏற்க மாட்டார்கள். கடைப் பையில் அழகுக்குப் போட்டு முதன்மைத் தளத்துக்குத் திருப்பிவிடுவதாக இருந்தால் சரி.

முடிச்சுக்காரன்:
அக்கா, பத்துப் பேருக்கும் போன் போட்டேன். ஏழு பேர் எல். இரண்டு பேர் இசட்எச். ஒருவர் வெறும் இசட். என் கட்சி தோற்றது.

வேடிக்கை என்னவென்றால், நான் முதலில் தேடியது இசட்எச் போட்டுத்தான். அறுபதாயிரம் கேட்டதும் அதற்குத்தான். எல் போட்டுப் பார்த்தால் டாட் காம் சும்மா கிடந்தது! டாட் காம், டாட் இன் இரண்டையும் என் பெயரிலேயே எடுத்துவிட்டேன். இசட்எச்சிலும் இன் மட்டும் எடுத்து முதன்மைத் தளத்துக்குத் திருப்பச் சொல்லியிருக்கிறேன். தானாகப் புதுப்பிக்கும் வசதியையும் போட்டாயிற்று.

முடிச்சுக்காரன்: (பன்னிரண்டு நாள் கழித்து)
மறுபடியும் நான்தான். வெப்சைட் வந்துவிட்டது. ஆனால் கடைப் பெயரில் எடுத்த மெயில் நேற்று மதியத்திலிருந்து செத்துவிட்டது. அனுப்பினால் போகிறது, எதுவும் வருவதில்லை. முன்னால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போட்டால் தளமும் திறக்கவில்லை, போடாவிட்டால் திறக்கிறது. டிசைனர், “நான் நேம்சர்வர் மட்டும்தான் மாற்றினேன்” என்கிறார்.

வைகை வடகரை:
அந்த ‘மட்டும்’தான் காரணம். நேம்சர்வர் என்பது டொமைனின் பதிவேடு இருக்கும் இடம். அதை மாற்றினால் எல்லோரும் புது இடத்துப் பதிவேட்டைத்தான் பார்ப்பார்கள். மெயில் எங்கே வர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டு பழைய இடத்திலேயே கிடக்கிறது. புது இடத்தில் அது இல்லை, அதனால் வருகிற மெயிலுக்கு வழி தெரியவில்லை.

இரண்டு வழி உண்டு. நேம்சர்வரைப் பழையபடி மாற்றிவிட்டு, தளம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஏ ரெக்கார்டை மட்டும் தளம் இருக்கும் புது சர்வரின் (ஹோஸ்டிங்) ஐபி எண்ணுக்குத் திருப்பலாம். இல்லையென்றால் புது இடத்திலேயே எம்எக்ஸ் ரெக்கார்டுகளையும், உங்கள் பெயரில் எந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் என்று ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டு இருக்கும், அதையும் எழுத்து மாறாமல் சேர்க்கலாம். எஸ்பிஎஃபை விட்டுவிட்டால் நீங்கள் அனுப்புவது ஸ்பேமில் விழலாம். மூன்று டபிள்யூவுக்கு ஒரு சிநேம் ரெக்கார்டு போட்டு முதன்மைப் பெயரைக் காட்டச் சொல்லுங்கள். எதைத் தொடுவதற்கு முன்னும் இப்போதுள்ள பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

சேர்த்த உடனே வேலை செய்யாது. நேம்சர்வர் மாற்றம் ஒன்றிரண்டு நாள் வரை இழுக்கலாம், ரெக்கார்டு மாற்றம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் முடியும். வராத மெயில் எல்லாம் போனது என்றும் நினைக்காதீர்கள். அனுப்பும் சர்வர் பொதுவாகச் சில நாளைக்கு விடாமல் முயன்று பார்க்கும்.

முடிச்சுக்காரன்:
இரண்டாவது வழியைச் செய்தோம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒன்றும் இல்லை. எட்டரைக்குக் கடை சாத்தும்போது வரிசையாக ஒன்பது மெயில் விழுந்தன. அதில் ஒன்று நேற்றே சிங்கப்பூரிலிருந்து ஒரு அம்மா அனுப்பியது. பன்னிரண்டு சேலை வேண்டுமாம். இசட்எச் போட்டுத் தேடித்தான் தளத்துக்கு வந்தாராம், வீட்டில் அந்த மெயிலை எல்லோருக்கும் காட்டினேன்.