ரோபஸ்டா காப்பிக் குச்சிக்குள் கருப்பு வண்டு: பெர்ரி போரரா, வேறு ஏதாவதா?

ஒன்றரை ஏக்கர்:
வணக்கம். நீலகிரி கூடலூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் ரோபஸ்டா காப்பி, ஊடே மிளகு. பத்து நாளாகப் பக்கக் கிளைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நுனியிலிருந்து வாடுகின்றன. ஒரு குச்சியை ஒடித்தேன். உள்ளே கடுகு அளவில் கருப்பு வண்டு. பக்கத்துத் தோட்டத்து அண்ணன், "பெர்ரி போரர்தான்டா, இந்தியாவுலயே மொதல்ல நம்ம ஊர்லதானே 1990-ல கண்டுபிடிச்சாங்க" என்கிறார். மருந்துக்கடையில் கேட்டேன். அவர்களும் தலையாட்டிவிட்டு ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். அடித்தாயிற்று, வாட்டம் நிற்கவில்லை. போட்டோ இணைத்திருக்கிறேன். இது எது?

மலைக்காட்டு மாமா:
அரிசி வண்டு மாதிரி இருக்கே? சாக்கிலிருந்து வந்திருக்குமோ?

பூச்சிப்பித்தன்:
அரிசி வண்டு இல்லை மாமா, அதற்கு முன்னால் தும்பிக்கை நீட்டிக்கொண்டிருக்கும். போட்டோவில் கருப்புப் புள்ளியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்றாலும், தும்பிக்கை இல்லாதது தெரிகிறது.

தம்பி, வண்டைப் பார்க்கும் முன் ஓட்டையைப் பாருங்கள். பெர்ரி போரர் காப்பிக்கொட்டையைத் தின்று வாழ்கிற பூச்சி. பழத்தின் தொப்புளில், அந்த வட்டத் தழும்பில்தான் பெரும்பாலும் துளை போடும். பச்சைக் குச்சிக்குள் குடும்பம் நடத்துவது ஷாட் ஹோல் போரர், அறிவியல் பெயர் சைலோசாண்ட்ரஸ் காம்பாக்டஸ். குண்டூசி குத்தியது மாதிரி கிளையின் அடிப்பக்கம் துளை இருக்கும். மேலிருந்து பார்த்தால் கண்ணில் படாது. ரோபஸ்டா என்றால் அதற்குக் கொண்டாட்டம்.

இரண்டும் ஒரே பட்டை வண்டு வகையறா. பெயர்தான் பட்டை வண்டு, இந்த இரண்டும் பட்டையைத் தின்பதில்லை! நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டிலும் பெண் வண்டு 2 மில்லிமீட்டருக்குள். அளவை மட்டும் வைத்துச் சொன்னால் யாராக இருந்தாலும் ஏமாறுவார்கள், உங்கள் அண்ணனைக் குறை சொல்ல முடியாது.

ஒன்றரை ஏக்கர்:
துளை அடிப்பக்கம்தான் ஐயா! இப்போதுதான் போய்ப் பார்த்தேன். ஆனால் போன வருஷம் பறிக்காமல் விட்ட காய்ந்த பழங்களிலும் தொப்புளில் ஓட்டை இருக்கிறது. உள்ளே அதே மாதிரி கருப்பு வண்டு. அப்போ இரண்டும் ஒன்றா?

பூச்சிப்பித்தன்:
"அதே மாதிரி" என்பதை இன்னும் நம்ப வேண்டாம். குச்சியிலிருந்து ஒன்று, பழத்திலிருந்து ஒன்று எடுங்கள். கை கழுவுகிற சானிடைசரில் போட்டால் அடங்கிவிடும். வெள்ளைத்தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸை போன் கேமராவில் ஒட்டிப் பிடித்து, பக்கவாட்டில் எடுங்கள். மேலிருந்து எடுத்தால் பாதி அடையாளம் போய்விடும்.

முதலில் உடல்வாகு. காம்பாக்டஸ் பெயருக்கேற்ற மாதிரி கட்டைக்குட்டை, முதுகு பளபளக்கும். பெர்ரி போரர் கொஞ்சம் ஒல்லி, மாத்திரை மாதிரி உருளை. அடுத்து இறக்கை உறை. பெர்ரி போரருக்கு அதில் விறைப்பான மயிர்கள் நட்டு வைத்த நாற்று மாதிரி வரிசை வரிசையாக நிற்கும். நான் முதலில் தேடுவது இதைத்தான். காம்பாக்டஸுக்கும் மயிர் உண்டு, ஆனால் மெல்லிசு, இடையிடையே பளபளப்புத் தெரியும்.

மூன்றாவது, கழுத்துப்பட்டையின் முன்விளிம்பு. தலை அதற்கடியில் ஒளிந்திருக்கும். விளிம்பில் சின்னச் சின்னப் பற்கள். பெர்ரி போரருக்கு வழக்கமாக நாலு. காம்பாக்டஸுக்கு அதைவிடக் கூடுதல். பத்து மடங்கில் எண்ணுவது கஷ்டம், மைக்ரோஸ்கோப் கிடைத்தால் விடாதீர்கள்.

களத்துமேடு:
ஒரு சந்தேகம். மூங்கில் கூடையில் மாவு கொட்டும் வண்டும் தலையை ஒளித்துக்கொண்டுதானே இருக்கும்? எங்கள் வீட்டில் அதைப் பார்த்துவிட்டு பெர்ரி போரர் என்று ஊரையே கூட்டினோம்.

பூச்சிப்பித்தன்:
நல்ல கேள்வி. அது வேறு குடும்பம். உணர்கொம்பைப் பாருங்கள். மூங்கில் வண்டுக்கு நுனியில் மூன்று கணுக்கள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். பட்டை வண்டுக்கு முழங்கை மாதிரி மடங்கி, நுனியில் ஒரே உருண்டை.

ஒன்றரை ஏக்கர்:
ஐயா, அசந்துபோனேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் தெரிந்துவிட்டது. பழத்து வண்டின் முதுகில் துடைப்பக்குச்சி மாதிரி மயிர் வரிசை. குச்சி வண்டு எண்ணெய் தடவினது போல மினுங்குகிறது, வயிறும் அகலம். குச்சியை நீளவாக்கில் பிளந்தேன். நடுவில் குடைந்த அறை, சுவரெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம், அதில் கால் இல்லாத வெள்ளைப் புழு ஏழெட்டு. பழத்துக்குள் பூஞ்சணம் இல்லை, கொட்டைதான் தூளாகியிருக்கிறது. போட்டோ கீழே.

பூச்சிப்பித்தன்:
அருமை, சந்தேகமே இல்லை. அந்தப் பூஞ்சணம் தாய் வண்டு தன்னோடு கொண்டுவந்து பயிர் பண்ணியது. குஞ்சுகளுக்கு அதுதான் சோறு. வண்டு மரத்தைத் தின்பதில்லை, வெளியே அடித்த மருந்தும் குச்சிக்குள் போவதில்லை. அதனால்தான் உங்கள் பாட்டில் வீண்.

ஆக உங்களிடம் இரண்டு பேரும் குடியிருக்கிறார்கள். வாடிய கிளையைத் துளைக்கு மேலே வெட்டினால் பிரயோசனமில்லை. துளையைத் தாண்டி, தண்டுப் பக்கம் இரண்டு மூன்று அங்குலம் உள்ளே தள்ளி வெட்டி, அன்றன்றே எரித்துவிடுங்கள். வேண்டாத சக்கர்களையும், அதாவது தண்டிலிருந்து நேராகக் கிளம்பும் போத்துகளையும் கழித்து, நிழலைக் கொஞ்சம் குறையுங்கள். பழைய பழங்களைச் செடியிலும் தரையிலும் ஒன்று விடாமல் பொறுக்கி, கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷம் முக்கி எடுங்கள். இந்த வருஷக் காயில் கொட்டை கெட்டியாவதற்குள் அதை முடித்துவிட வேண்டும்.

ஒன்றரை ஏக்கர்:
வெட்டின குச்சி ஒரு கட்டு நேற்றிலிருந்து மிளகுக்கொடி அடியிலேயே கிடக்கிறது. இதோ தீக்குச்சியோடு போகிறேன். அண்ணனையும் லென்ஸில் பார்க்க வைத்தேன். "பழத்துல இருக்குறது பெர்ரி போரர்தானே, நான் சொன்னது பாதி சரிதானே?" என்கிறார்.