முகமூடி வீரன் வேடம்: கண் தெரிய என்ன வழி?

நண்பர்களே, வாள்சண்டைக் குறும்படம் ஒன்றுக்கு உங்கள் யோசனை வேண்டும். முகமூடிக் கள்வனின் ஈர்ப்பே கண்ணும் சிரிப்பும்தான். 1920இல் ஹாலிவுட் நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்ஸ் ‘ஸோரோ’ என்ற முகமூடி வீரனாக நடித்தபோது கண்ணைச் சுற்றி மட்டுமே கறுப்பு முகமூடி, வாய் வெளியே. மௌனப் படத்துக்கு அது எவ்வளவு பொருத்தம்!

இங்கே சிக்கல், அகல விளிம்புத் தொப்பியின் நிழல் கண்ணை விழுங்கிவிடுகிறது. முகமூடியின் கண் துளையை 5 மில்லிமீட்டர் பெரிதாக்கினால் சுற்றியுள்ள தோல் வெள்ளை வளையமாகத் தெரிகிறது. கறுப்பு மை பூசினால் வியர்வையில் கரைகிறது. பருத்தித் துணியோ நனைந்து கீழே இறங்கி, பக்கவாட்டுப் பார்வையை மறைக்கிறது. வாள் வீசும்போது இது பெரிய ஆபத்து.

நனைத்து முக அச்சில் படியவைத்த, மெல்லிய பதனிட்ட தோல் முகமூடி நழுவாமல் நிற்குமா? எதைக் கொண்டு ஒட்டலாம்? நிழலைப் போக்க, விளக்கைக் கண்மட்டத்துக்குக் கீழே எவ்வளவு தாழ்த்தலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.